புதுப் பாண் மணந்தால் திரும்பும்

டெனிஷ்காரர் சுடலைக்கு வைத்திருக்கும் பெயர் ‘கிர்க்ககோர்’. இரண்டாகப் பிரித்தால் முதல் பாதி தேவாலயம், இரண்டாம் பாதி பண்ணை. இவ்வளவும் தெரிந்திருந்த என் அரைகுறை அறிவுதான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டது. விபோர்க்கில் வேலை தேடித்தரும் அலுவலகத்தில் இருந்த பெண், “வெளியில் நின்று செய்கிற வேலை, செடிகளோடு, ஒரு கிர்க்ககோரில்” என்றதும் எல்லாம் விளங்கினவள் மாதிரித் தலையாட்டினேன். பாதிரியாருக்கு ஸ்ட்ரோபெரித் தோட்டம் இருக்கிறது, பழம் பறிக்க ஆள் தேடுகிறார்கள் என்று எனக்கு நானே முடிவு கட்டிவிட்டேன். எங்கள் ஆட்கள் பலர் இந்த நாட்டில் முதல் சம்பளம் எடுத்ததே ஸ்ட்ரோபெரித் தோட்டத்தில்தான். அடுத்த திங்கட்கிழமை தலையில் துவாய் கட்டி, கையில் ஒரு வாளியோடு பஸ்ஸால் இறங்கினேன். பார்த்த பக்கமெல்லாம் கல்லறைகள்.

அங்கே நின்ற நெட்டையான மனிதர் என் வாளியைக் கொஞ்சநேரம் பார்த்தார். “வாளி எங்களிடமே இருக்கிறது” என்றார். சுடலையைப் பராமரிக்கிறவர் அவர்தான். அந்த வேலைக்கு டெனிஷில் ‘கிராவர்’ என்று பெயர், குழி தோண்டுகிறவர் என்று அர்த்தம். ஆனால் வருடத்தின் பெரும்பகுதி அவர் செய்தது புல்லு வெட்டுவதும் வேலி கத்தரிப்பதும்தான். இனி நானும் அதைத்தான் செய்ய வேண்டும்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து சொன்னபோது இவர், என் கணவர், கதிரையில் இருந்துவிட்டார்.

“சுடலையிலையோ? பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லை எண்டு உமக்குத் தெரியாதோ?”

“நீங்கள் ஜன்னல் செய்யிற ஃபக்டரியில எனக்கும் ஒரு இடம் எடுத்துத் தாங்கோ. நாளைக்கே விட்டிட்டு வாறன்.”

தேத்தண்ணி ஆறின பிறகு, “ஆக்களுக்குப் பண்ணை எண்டே சொல்லும்” என்றார். அப்படியே சொன்னேன். பெரிய பொய்யும் இல்லை. கோயில் திருவிழாவில் ஒரு அக்கா என்னை மறித்து, முட்டை மலிவாக எடுக்கலாமோ என்று கேட்டார்.

ஒன்பது வருடம் இப்படியே போனது. காரில் கொண்டுவந்து விடுகிற நாட்களில் இவர் சுடலை வாசலுக்கு எட்டத்திலேயே நிறுத்துவார், எஞ்சினை நிறுத்த மாட்டார். நான் வீட்டுக்குப் பின்கதவால்தான் வர வேண்டும். தலையில் தண்ணீர் வார்த்த பிறகுதான் கேத்திலைத் தொடலாம். எனக்குக் கோபம் வராமல் இல்லை. வேலை முடிந்து வருகிறவளுக்கு முதலில் வேண்டியது தேத்தண்ணியா குளிப்பா என்று பலமுறை கத்தியிருக்கிறேன். கத்திவிட்டுக் குளித்தேன்.

ஆனால் அந்த இடத்தை எனக்குப் பிடித்துவிட்டது. அதை இவரிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு கல்லறையைச் சுற்றியும் முழங்கால் உயரத்தில் பச்சை வேலி, உள்ளே ஒரு சின்ன முற்றம், பூச்சட்டி. இருந்த ஊர் அப்படியே படுத்துக்கொண்ட மாதிரி. நடைபாதை முழுக்க பொடிச்சல்லி. சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிக்கும்போது அதை வாரியால் கோடு கோடாக இழுத்துவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்கு மரியாதை. பிறகு யார் எங்கே நடந்தார்கள் என்பதைத் திங்கட்கிழமை காலையில் நான் பத்திரிகை வாசிக்கிற மாதிரி வாசிப்பேன்.

தேவாலயத்தின் தெற்குப் பக்கத்தில்தான் அந்தச் சிலுவை நின்றது. ஒரே கருங்கல்லில் வெட்டியது, என் நெற்றி உயரம், இரண்டு பக்கமும் குட்டைக் கைகள். அதற்கு எத்தனை வயது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தேவாலயத்துக்கே எண்ணூறு வருடம் இருக்கும், சிலுவை அதற்கும் மூத்தது என்பார்கள் சிலர், இல்லை என்பார்கள் சிலர். யார் வைத்தது, யாருக்காக வைத்தது, ஒன்றும் தெரியாது. அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை. அதன் பின்பக்கத்தில், அதாவது தெற்கைப் பார்த்த பக்கத்தில், ஒரு கிழட்டு ஊசியிலை மரம் சிலுவையில் சாய்ந்தபடி வளர்ந்து, இடுப்புக்குக் கீழே முழுவதையும் மூடியிருந்தது. வாய்க்குப் பேர்போன ஆள் நான். ஆனால் அந்தக் கல்லுக்கு முன்னால் போனால் எனக்குக் கதை வராது. நான் பிறந்த ஊர், வந்த ஊர், இரண்டையும் விடப் பழையதாக ஒன்று மழையில் சும்மா நிற்கிறதே என்று பார்த்துக்கொண்டு நிற்பேன்.

நான் சேர்ந்த முதல் கிழமையே கிராவர் சிலுவையைக் காட்டி, “இதை லேசாக நினைக்காதே. புதுப் பாண் மணந்தால் திரும்பும்” என்றார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அடுத்த நாள் நான் பேக்கரியில் அப்போதுதான் இறக்கிய பாண் ஒன்றை வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, சிலுவையின் அடியில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்து நின்றேன். கல்லில் கீறல் ஏதும் நகருகிறதா என்று குனிந்துகூடப் பார்த்தேன். கிராவர் எங்கள் வேலைக் குடிலின் ஜன்னலால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வெளியே வந்தார், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

“கல்லுக்கு மூக்கு இருக்கிறதா?” என்றார்.

மணந்தால்தானே திரும்ப வேண்டும். கல்லுக்கு மணக்காது, ஆகவே திரும்பாது. புதிதாக வருகிறவர்களை இப்படிப் பேக்காட்டுவது அந்த ஊர் வழக்கமாம். அவருடைய அப்பா அவரையும், அப்பாவின் அப்பா அப்பாவையும் இதே சொல்லால் பேக்காட்டியிருந்தார்களாம். இப்படி ஒரு உப்புச்சப்பில்லாத பகிடியை எதற்காகத் தலைமுறை தலைமுறையாகக் காவிக்கொண்டு வந்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. பாணை நானே தின்று முடித்தேன்.

இனி இவருடைய தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இவருக்கும் தம்பிக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம். இடுப்பில் வைத்துத் தூக்கித் திரிந்த பிள்ளை என்பதால், முப்பது தாண்டின பிறகும் இவர் தம்பியை ‘அது’ என்றுதான் சொல்வார். “அது சாப்பிட்டுதோ தெரியேல்லை.” “அதுக்கு ஒரு கலியாணம் பாக்க வேணும்.” எங்கள் பக்கத்தில் கடைக்குட்டியைச் செல்லத்துக்கு அப்படிச் சொல்வதுண்டு. தம்பி வன்னியில் தையல் மெசின் திருத்திச் சீவித்தார். போர் முடிகிற அந்த வருடம் மாசி மாதத்தில் ஒருநாள், யாரிடமோ இரவல் வாங்கின போனில் அரை நிமிடம் கதைத்தார். “அண்ணை, நடக்கிறம். பிறகு எடுக்கிறன்.” பிறகு எடுக்கவில்லை.

பங்குனி போனது, சித்திரை வந்தது. இவர் வேலையால் வந்து உடுப்பு மாற்றாமல் கொம்பியூட்டருக்கு முன்னால் இருப்பார். முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களின் பட்டியல்கள், கம்பிவேலிக்குப் பின்னால் நிற்கிற சனத்தின் படங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, முகங்கள் வெறும் சதுரக் கட்டங்களாகும் வரை பார்ப்பார். சோறு வைத்தால் பிசைவார், தின்ன மாட்டார்.

எப்படியாவது சிரிக்க வைக்க வேண்டும் என்று நினைத்த ஒரு பின்னேரம், எனக்குப் பாண் கதை ஞாபகம் வந்தது. மரத்தில் நோய் பிடித்துவிட்டது என்று அந்தக் கிழமைதான் கிராவர் சிலுவைக்குப் பின்னால் நின்ற மரத்தை வெட்டியிருந்தார். மரக் கதையில் தொடங்கிப் பாண் கதைக்கு வந்தேன்.

“அங்க ஒரு பழைய கல்லுச் சிலுவை. புதுப் பாண் மணந்தாத் திரும்புமாம்.”

இவர் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கினார். “திரும்புமாமோ?”

“ஓம். அந்த ஊர்ச் சனம் அப்பிடித்தான் சொல்லுறது.”

“முந்தி அப்பிடித் திரும்பியிருக்குதோ? ஆரும் கண்டிருக்கினமோ?”

மூக்கு விசயத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். போன் அடித்தது. லண்டனில் இருக்கும் இவருடைய மாமா. புதுப் பட்டியல் ஒன்று வந்திருக்கிறதாம். இவர் கை கழுவாமலே எழுந்து ஓடினார். அந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. பகிடியின் மிச்சப் பாதியைச் சொல்லும் நிலைமை அன்று இருக்கவில்லை.

வைகாசி தொடங்கி முதல் திங்கட்கிழமை. வேலைக்குப் போய்ப் படலையைத் திறந்தால், நான் சனிக்கிழமை வாரிவிட்ட சல்லியில் வெறுங்காலடிகள். இந்த நாட்டில் வெறுங்காலோடு சுடலைக்கு வருகிறவர் யார்? படலைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, நேரே சிலுவைக்குப் போய், வலமாக மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறார். இடது காலில் சின்னி விரல் பதியவில்லை. அந்த விரல் நிலத்தில் படாத கால் யாருடையது என்று எனக்குத் தெரியும். அந்தக் காலுக்குத்தான் இருபது வருடமாகச் சப்பாத்து வாங்கிக் கொடுக்கிறேன்.

சிலுவையின் அடியில் ஒரு முழுப் பாண். பாதியைக் குருவிகள் தின்றிருந்தன. கல்லெல்லாம் பால் வழிந்து காய்ந்த கறை. தெருவால் போகிறவர்கள் காணக்கூடாது என்று நினைத்திருப்பார் போலும், மரம் வெட்டின பின்பக்கத்துக்குப் போய்ச் சப்பாணி கட்டி இருந்து, கை எட்டின இடமெல்லாம் விபூதியைக் குழைத்துப் பூசியிருந்தார். எண்ணூறு வருடத்துச் சிலுவை உடம்பு நிறைய விபூதியோடு சிவன்கோவில் ஐயர் மாதிரி நின்றது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒன்பது வருடம் வாசலை மிதிக்காத மனிதன் வந்ததும் வந்தார், இப்படியா வர வேண்டும்? அது அரசாங்கம் பாதுகாக்கிற கல். பாசியைச் சுரண்டக்கூட எங்களுக்கு அனுமதி இல்லை. கிராவர் வர இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. வாளியில் தண்ணீரும் துணியும் கொண்டு ஓடிவந்து, முழங்காலில் நின்று துடைக்கத் தொடங்கினேன். திட்டித் திட்டித் துடைத்தேன். மரத்தின் நிழலில் ஊறிக் கிடந்த பாசி பாலோடும் திருநீறோடும் சேர்ந்து தோலாகக் கழன்று வந்தது.

மேலே பூசினது போய்விட்டது. ஆனால் ஒரு இடத்தில் வெள்ளைக் கோடு ஒன்று போகவில்லை. அழுத்தித் துடைத்தேன், இன்னும் தெளிவாக வந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பள்ளத்துக்குள் போன திருநீறு வெளியே வர மறுத்தது. மூன்றாவது கோடு, நான்காவது கோடு. எல்லாம் கீழே வந்து ஒன்றாகச் சேர்ந்தன. பிறகு பக்கவாட்டில் குட்டையாக ஒன்று.

அது ஒரு கை. விரித்த உள்ளங்கை. இருந்தபடி எட்டுகிற உயரத்தில், பெரியவர் ஒருவரின் கை அளவுக்குக் கல்லில் வெட்டியிருந்தது. நடுவில் கல் தேய்ந்து வழுவழுவென்று குழிந்திருந்தது. யாரோ வெட்டினது அல்ல அந்தக் குழிவு, ஆட்கள் தொட்டுத் தொட்டு வந்தது.

நான் துணியைக் கீழே போட்டேன். ஒன்பது வருடம் அந்தக் கல்லைச் சுற்றிப் புல்லு வெட்டியிருக்கிறேன். அது இத்தனை காலமும் மரத்துக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. திருநீற்றில் வெள்ளையாக, நேற்று வரைந்த மாதிரி இருந்தது. நான் கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பின்னால் சல்லி நொறுங்கும் சத்தம் கேட்டது. கிராவர். பாலின் மணம், பாண், வாளி, முழங்காலில் நிற்கிற நான். மன்னிப்புக் கேட்கத் தேவையான டெனிஷ் எல்லாம் மறந்துபோய், “என் கணவர்” என்று மட்டும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றினார்.

“அப்படியென்றால் உண்மைதான்” என்றார்.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். ஊரில் ஒரு பழைய கதை இருந்ததாம், சிலுவையில் ஒரு கை இருக்கிறது என்று. போருக்கோ கடலுக்கோ போனவன் வராவிட்டால், வீட்டில் உள்ளவர்கள் வந்து அந்தக் கையில் தங்கள் கையை வைப்பார்களாம். சூடாக இருந்தால் ஆள் உயிரோடு இருக்கிறான், காத்திருக்கலாம். குளிராக இருந்தால் மணியடித்துச் சாவீடு நடத்திவிட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கையை உயிரோடு இருக்கிற யாரும் கண்டதில்லை. அவருடைய அப்பாவின் தங்கை ஒருத்தி, முன்னைய பெரிய போரில் கப்பலோடு போன மாப்பிள்ளைக்காக இந்தக் கல்லைத் தடவித் தடவித் தேடினாளாம். மரம் அப்போதே அந்த இடத்தை மூடிவிட்டது. அவள் வேறு கலியாணமும் செய்யவில்லை, அழவும் இல்லை, தொண்ணூறு வயதுவரை அப்படியே இருந்து செத்துப்போனாள்.

“நீங்கள் வைத்துப் பாருங்கள்” என்றேன்.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “எனக்கு யாரும் காணாமல் போகவில்லை.”

மியூசியக்காரருக்கு அறிவிக்க வேண்டும், அவர்கள் வந்தால் சுற்றிக் கயிறு கட்டி, யாரையும் தொட விடமாட்டார்கள். “அடுத்த மாதம் சொல்லலாம்” என்றார். சொல்லிவிட்டு, குருவி தின்ற மிச்சப் பாணைக் குனிந்து எடுத்து வேலியோரம் வைத்தார். ஏசவே இல்லை.

ஏசுகிற வேலையை வீட்டில் நான் செய்தேன். பாலையும் விபூதியையும் சொல்லிச் சொல்லிக் கத்தினேன். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீர்தானே சொன்னீர், புதுப் பாண் மணந்தாத் திரும்பும் எண்டு.”

“ஓம், சொன்னன். சிலுவை திரும்பும் எண்டு சொன்னன்.”

“சிலுவையோ?” என்றார். “நான்... அது திரும்பும் எண்டு நினைச்சன்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கல்லும் அது, தம்பியும் அது. திரும்புவதும் அதே சொல், திரும்பி வருவதும் அதே சொல். சாப்பாட்டு மேசையில் நான் பகிடிக்குச் சொன்னதை இவர் இரண்டு கிழமை நெஞ்சுக்குள் வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை நான் நித்திரையாய்க் கிடக்க விடிய எழும்பி, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாண் சுட்டு, சுடலைக்குக் கொண்டுபோயிருக்கிறார். மூக்கு விசயத்தை அதற்குப் பிறகு நான் யாருக்கும் பகிடியாகச் சொன்னதில்லை. அன்று அவரைச் சமாதானப்படுத்தத் தெரியாமல், கல்லில் வந்த கையைப் பற்றிச் சொன்னேன், கிராவர் சொன்ன கதையையும் சொன்னேன். என் வாய் பட்டும் திருந்தாது.

அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்குள் போர் முடிந்துவிட்டது என்றார்கள். அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குக் கை வராது. லண்டன் மாமா நாளுக்கு இரண்டு முறை எடுத்தார். “அந்தியேட்டியைச் செய்து விடு, மோனை. அலைய விடக்கூடாது.” இவரால் செய்யவும் முடியவில்லை, செய்யாமல் விடவும் முடியவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்குக் கிரியை செய்தால், தானே தன் கையால் கொன்ற மாதிரி. செத்தவனுக்குச் செய்யாமல் விட்டால், அவன் எங்கே போவான்?

ஒரு புதன்கிழமை என்னிடம் வந்து சொன்னார்.

“வெள்ளிக்கிழமை லீவு எடுத்திருக்கிறன். பத்து மணிக்கு வாறன், அந்தக் கையில கையை வைக்கிறன். சூடெண்டாக் காத்திருப்பன். குளிரெண்டா மாமாவுக்குச் சொல்லி எல்லாத்தையும் செய்து விடுறன்.”

நான் தலையாட்டினேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கை தெற்கைப் பார்த்தது. கருங்கல்லில் காலை வெயில் பட்டால் பத்து மணிக்குள் சூடு பிடித்துவிடும். கதையைக் கட்டினவர்களுக்கும் அது தெரிந்திருக்கும். வைகாசி மாதம், வெயில் வந்தால் போதும்.

வியாழக்கிழமை மழை. வெள்ளிக்கிழமை மழை இல்லை, ஆனால் வானம் முழுக்க மூடிக்கிடந்தது, வடக்கிலிருந்து காற்று. எட்டு மணிக்குப் போய்க் கையை வைத்தேன். ஐஸ். எட்டரைக்கு வைத்தேன், அப்படியே. எனக்கு அழுகை வந்தது. முகில் என்ன நினைத்துக்கொண்டு வந்து நிற்கிறது என்று மேலே பார்த்து ஏசினேன். ஒரு முகில் துண்டுக்காக இந்த மனிதன் தம்பியைச் சாகக் கொடுக்கப்போகிறார்.

கிராவருக்குத் தோள்மூட்டு வருத்தம். கோதுமை நிரப்பித் தைத்த பை ஒன்றைக் குடிலில் வைத்திருந்தார், மைக்ரோவேவில் சூடாக்கித் தோளில் ஒத்தடம் பிடிப்பார். ஒன்பதரைக்கு அதை எடுத்து, சூடு ஏற்றி, ஓடிப்போய் அந்தக் கல்லுக் கையில் வைத்து, மேலே என் ஜக்கெட்டைப் போட்டு, முதுகால் அழுத்திக்கொண்டு இருந்தேன். கல் சூட்டைக் குடித்துவிட்டது. திரும்ப ஓடினேன், திரும்ப வைத்தேன். மூன்றாம் முறை குடிலுக்கு ஓட எழும்பினால் கிராவர் அங்கே நிற்கிறார். கையில் இன்னொரு பை, ஆவி பறக்க. அன்றைக்கென்று வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார். இவர் வருகிற நாளை நான் அவரிடம் சொல்லியிருந்தேன், வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் குனிந்து பையைக் கல்லுக் கையில் வைத்து அழுத்தினார். “பாண் என்றால் இன்னும் அதிக நேரம் சூடு நிற்கும்” என்றார், சும்மா, வேலைக்காரன் வேலைக்காரிக்குச் சொல்வது போல.

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். புதுப் பாண் மணந்தால் திரும்பும். அடுப்பிலிருந்து எடுத்த பாணைச் சீலையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாரும் எழும்ப முதல் யாரோ ஒருத்தி இந்தக் கல்லைச் சூடாக்க இதே இடத்துக்கு ஓடி வந்திருக்கிறாள். தனக்காக அல்ல, பின்னால் வரப்போகிற இன்னொருவருக்காக. ஒருத்தியா, எத்தனை பேரா, யாருக்குத் தெரியும். அந்தப் பகிடி எப்படி இவ்வளவு காலம் சாகாமல் கிடந்தது என்று எனக்கு அன்று விளங்கியது. கிராவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, புல்லு வெட்டும் மெசின் பக்கம் போனார். அதை அவர் இயக்கவில்லை.

பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பைகளை ஜக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டு விலகி நின்றேன். இவர் படலையில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். குளித்து, வேட்டி கட்டி, மேலே குளிர் ஜக்கெட். வலமாக மூன்று சுற்று. பிறகு கல்லின் தெற்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்து, கண்ணை மூடிக்கொண்டு, வலது கையை அந்தக் கையில் வைத்தார்.

முகம் விரிந்தது. மாசி மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தை நான் அப்படிக் காணவில்லை. கல்லில் நெற்றியைச் சாய்த்தார். செய்தது சரியோ பிழையோ, இந்த முகத்துக்காக எதுவும் செய்யலாம் என்று நினைத்தேன்.

பிறகு அவர் மூச்சை இழுத்தார். இன்னொருமுறை இழுத்தார்.

“பாண் மணக்குது” என்றார்.

சூடேறின கோதுமை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஜக்கெட்டுக்குள் வயிறு புடைத்துக்கொண்டு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீர் சூடாக்கினீரோ?”

பொய் சொல்லியிருக்கலாம். “ஓம்” என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை. “அப்ப அது இல்லை எண்டு நீர் நினைக்கிறீர்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கே தெரியாமல் எனக்குள் கிடந்ததை எடுத்து என் முன்னால் வைத்தார். ஆம், நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். இருக்கிறார் என்று நம்பியிருந்தால், கல்லை அதன்பாட்டில் விட்டிருப்பேன். நான் அவருக்குப் பக்கத்தில் ஈரப் புல்லில் இருந்துவிட்டேன். வடக்குக் காற்று அடித்தது. அவர் அசையவில்லை. தேவாலய மணி பதினொன்று அடித்தது, அவர் கை அங்கேயே இருந்தது.

கடைசியில் கையை எடுத்து, என் கையைப் பிடித்து அந்தக் குழிவுக்குள் வைத்தார்.

“பாரும்.”

சூடாக இருந்தது.

“உம்மட ஒத்தடச் சூடு எப்பவோ போட்டுது,” என்றார். “இது நான் வைச்சிருந்த சூடு.”

திரும்பும்போது நானும் காரில் ஏறினேன். கிராவர் போகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பழக்கத்தில் பின்கதவுக்குச் சுற்றிப் போனேன். கதவைத் திறந்தால், இவர் முன்வாசலால் நேரே குசினிக்குள் வந்து, காலில் சுடலைச் சல்லி ஒட்டியிருக்க, தலையில் தண்ணீர் வார்க்காமல், கேத்திலுக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கிறார். இரண்டு கோப்பை எடுத்து வைத்தார். போன் அடித்தது.

“இல்லை, மாமா,” என்றார் இவர், என்னைப் பார்த்துக்கொண்டே. “செய்யேல்லை. கையை வைச்சுப் பாத்தனான். சூடாத்தான் கிடக்கு.”

போனை வைத்துவிட்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார். நான் குளிக்காமல் அதை வாங்கிக் குடித்தேன்.